ஃபுல் இன்சூரன்ஸ் என்றால் எல்லாமே அடக்கமா?

யானை வாங்கியவர் அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதை கார் வாங்கும் பலருக்கும் பொருந்தும். மைலேஜ் எவ்வளவு, எந்தக் கலர், எந்த மாடல் என்று மாதக்கணக்கில் அலசுகிறவர்கள், இன்சூரன்ஸ் படிவம் என்று வந்தால் இரண்டே நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். மறுவருடம் புதுப்பிக்கும்போது ஏஜென்டிடம் கேட்பதும் ஒரே கேள்விதான்: "இதைவிடக் கம்மியா ஏதாவது இருக்கா?"

கேள்வியில் தப்பில்லை. ஆனால் எது குறைகிறது என்று தெரியாமல் குறைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

முதலில் தேர்ட் பார்ட்டி. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவுப்படி இது இல்லாமல் வண்டி ரோட்டில் ஓடக் கூடாது. பிடிபட்டால், 2019 திருத்தத்தின்படி முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. இந்த பாலிசி யாருக்காக? கார் யார் மீது மோதியதோ அவருக்காக. உயிரிழப்புக்கோ காயத்துக்கோ தீர்ப்பாயம் சொல்லும் நஷ்ட ஈட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. அடுத்தவர் சொத்துக்குச் சேதம் என்றால் ஏழரை லட்சம் ரூபாய் வரை.

இதன் பிரீமியத்தை நிர்ணயிப்பது அரசாங்கம். 2022 ஜூன் 1 அன்று அமலுக்கு வந்த அறிவிப்பில் 1000 சிசி வரையிலான காருக்கு 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897 என்று இருந்தது (வரி தனி). அதனால் இந்தப் பகுதிக்காகக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவது வீண் அலைச்சல்!

சரி, தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டால் விட்டுப்போவது என்ன? சொந்தக் கார் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். பலருக்கும் தெரியாத இன்னொன்று, அந்தக் காருக்குள் உட்கார்ந்து வருகிறவர்கள். பின் சீட்டில் வரும் அம்மாவும் குழந்தைகளும் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்கப்படாவிட்டால் அந்த பாலிசியில் வரமாட்டார்கள். ஃபுல் இன்சூரன்ஸில் உள்ளே இருப்பவர்களும் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் ஒரு தீர்ப்பில் இரண்டு பாலிசிகளுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சில ஆயிரம் மிச்சம் பிடிப்பதற்கு முன் யோசிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

ஓட்டுகிற உரிமையாளருக்குத் தனியாக 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு இருக்க வேண்டும். அதே அளவு பாலிசி ஏற்கனவே வேறு எங்காவது இருந்தால் இரண்டாவது முறை கட்டத் தேவையில்லை. இதைக் கேட்டால்தான் ஏஜென்ட் சொல்வார்.

அடுத்து ஃபுல் இன்சூரன்ஸ். விபத்து, தீ, திருட்டு, வெள்ளம், கலவரம் என்று சொந்தக் காருக்கு வரும் சேதமும் இதில் அடங்கும். இந்தப் பகுதிக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு விலை சொல்லும். பேரம் பேச வேண்டியது இங்கேதான். ஆனால் பெயரில் "ஃபுல்" இருப்பதால் எல்லாம் கிடைத்துவிடாது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். இன்றைய பம்பர் பிளாஸ்டிக்தானே! 12,000 ரூபாய் பம்பர் மாற்றினால் 6,000 போய்விடும். அதிலும் சிறிய கார் என்றால் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். கைக்கு வருவது 5,000. இந்தத் தேய்மானத்தைக் கழிக்காமல் தருவதுதான் "பம்பர் டு பம்பர்" என்று சொல்கிற கூடுதல் பாலிசி. புதுக் காருக்கு அது லாபம். பழைய காருக்கு விலை விசாரித்துவிட்டு முடிவு செய்யலாம்.

வெள்ளமும் அப்படித்தான். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன! தண்ணீர் புகுந்த காரை ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் பூட்டிக்கொள்ளும். அது வெள்ளத்தால் நேராக வந்த சேதம் இல்லை என்று சாதாரண ஃபுல் பாலிசியில் தள்ளிவிடுவார்கள். இன்ஜினுக்கான கூடுதல் பாலிசி இருந்தால்தான் பணம். இருந்தாலும் இல்லாவிட்டாலும், நனைந்த காரின் சாவியைத் தொடாமல் இழுவை வண்டியைக் கூப்பிடுவதே புத்திசாலித்தனம்.

இனி, உருப்படியாகக் குறைப்பது எப்படி?

கிளைம் எதுவும் வாங்காத ஒவ்வொரு வருடத்துக்கும் என்சிபி என்ற தள்ளுபடி உண்டு. முதல் வருடம் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, கடைசியில் 50. சொந்தக் காரின் சேதத்துக்கான பகுதியில்தான் இது கழியும். சின்னக் கீறலுக்கு இரண்டாயிரம் ரூபாய் கிளைம் வாங்கி, பாதி விலைத் தள்ளுபடியை இழப்பது நஷ்டக் கணக்கு. கம்பெனி மாறினாலும் என்சிபி கூடவே வரும். ஆனால் பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் போச்சு!

பழைய கார் வாங்குபவர்கள் இங்கே உஷாராக இருக்க வேண்டும். என்சிபி ஆளுக்குச் சொந்தம், காருக்கு அல்ல. விற்றவரின் தள்ளுபடியை வாங்கியவர் அனுபவித்தால் கிளைம் நேரத்தில் மாட்டிக்கொள்வார். 14 நாளுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிப்பதும் அவசியம்.

சிறு சேதத்தைக் கைக்காசிலேயே பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டு, விருப்பக் கழிவை ஏற்றினாலும் பிரீமியம் குறையும்.

செய்யக் கூடாத குறைப்பு ஒன்று இருக்கிறது. ஐடிவி, அதாவது கார் திருடு போனால் கிடைக்கும் அதிகபட்சத் தொகை. நாலு லட்சம் பெறும் காருக்கு மூன்று லட்சம் என்று போட்டால் பிரீமியம் இறங்கும், "மலிவு" என்று தோன்றும். கார் காணாமல் போன அன்று ஒரு லட்சமும் சேர்ந்து காணாமல் போயிருக்கும். எனவே இரண்டு கம்பெனிகளை ஒப்பிடும்போது ஐடிவியும் கூடுதல் பாலிசிகளும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே விலையைப் பார்க்க வேண்டும்.

மொத்தத்தில் கணக்கு எளிது. கைக்காசில் சமாளிக்கக் கூடிய இழப்பை பாலிசியிலிருந்து எடுத்துவிடலாம். பம்பர் உடைந்தால் ஒரு மாதச் செலவு இடிக்கும், அவ்வளவுதான். அடிபட்ட ஒருவரின் நஷ்ட ஈடும் உள்ளே இருந்தவரின் மருத்துவச் செலவும் ஒரு குடும்பத்தையே கடனாளி ஆக்கிவிடும். அதில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது.