ஒரு மின்பாதை தந்த பாடம்

2012-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள். நாம் ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஓராண்டுகூட நிறையவில்லை. வடநாட்டு நிலையம் ஒன்றில், விசாரணைச் சன்னலின் பின்னே அமர்ந்திருந்தோம். பகல் ஒரு மணியளவில் மின்விசிறி நின்றது. மின்சார வண்டிகளும் நின்றன.

முந்தின நாள் விடியுமுன்னும் இவ்வாறே நிகழ்ந்து, சில மணி நேரத்தில் சீராகியிருந்தது. அந்தத் துணிவில், கேட்டவர்க்கெல்லாம், "அரை மணியில் புறப்படும்" என்று விடையிறுத்தோம். சென்னை செல்லவிருந்த மூதாட்டி ஒருவர் நம் தமிழைக் கேட்டு முகம் மலர்ந்து, நடைமேடையில் அமர்ந்தார். அரை மணிதானே என்று, கையிலிருந்த தண்ணீரை அருகிலிருந்த குழந்தைக்குக் கொடுத்துவிட்டார். மின்சாரம் இன்றேல் நீரேற்றும் பம்பும் ஓடாது என்பதை நாம் எண்ணவில்லை. குழாய்கள் வறண்டன. மாலையில் அவர் மயங்கிச் சாய்ந்தார்.

எங்கிருந்தோ நீர் கொணர்ந்து தெளித்தோம். கண் விழித்தவர், "தெரியாதுன்னு சொல்லியிருந்தா, தண்ணியை வச்சிருந்திருப்பேனே, தம்பி" என்றார். அச்சொல் இன்றும் சுடுகிறது.

பின்னர் விசாரணைக் குழு கண்டவற்றைப் படித்தோம். பீனாவுக்கும் குவாலியருக்கும் இடையே இருந்த 400 கிலோவோல்ட் பாதைகளுள் ஒன்று தரம் உயர்த்தும் வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. மற்றது மிகைச்சுமை தாங்கிற்று. அதில் பழுதில்லை, ஆயினும் காவற்கருவி மிகைச்சுமையைப் பழுதெனக் கொண்டு துண்டித்தது. அச்சுமை அண்டைப் பாதைகள்மேல் சாய, அவையும் ஒவ்வொன்றாய் விலகின. வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று மின்கட்டமைப்புகளும் வீழ்ந்தன. 60 கோடிக்கு மேற்பட்டோர் வாழும் நிலப்பரப்பு மின்சாரம் இழந்தது. நாமும் அக்கருவியைப் போலன்றோ நடந்தோம்! கண்டது சிறிது, அதைக்கொண்டு காணாததை முடிவு செய்தோம்.

தென்னகம் அன்று தப்பியது; அதன் கட்டமைப்பு அப்போது வடக்கோடு முழுதும் இணையவில்லை. ராய்ச்சூர்–ஷோலாப்பூர் பாதை வழியே அது இணைந்தது 2013 டிசம்பர் 31-இல்தான். "தனித்திருப்பதே நலம்" என்றனர் நண்பர் சிலர். ஆனால், அந்நாளில் நம் ஊர்களில் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததை மறக்கலாமா? குறை நேர்ந்தபோது வடக்கிலிருந்து வேண்டுமளவு பெறவும் போதிய பாதை இல்லை. இணைப்பு குற்றமன்று. கூட்டுக்குடும்பத்தில் ஒருவர் சுமக்கும் பாரத்தை மற்றவர் அறியாதிருப்பதே குற்றம்.

இப்போதும் வண்டி நின்றால் நம்மிடம் வந்து கேட்கிறார்கள். "தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறோம். அதுவரை தண்ணீரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறோம்.