எண்ணுக்கு ஊர் கேள்

கேமரன் மலையின் கோலா தெர்லா பக்கம் டிரோனால் வரைபடம் எடுக்கும் வேலை என்றால் விடியும்போதே மலையேறிவிடுவோம். பனிமூட்டம் இறங்கிவிட்டால் தேயிலை நிரை எது, பாதை எது என்று படத்தில் பிரியாது. டிரோன் பறக்கும் நேரம் கொஞ்சம்தான். அதன்பிறகு அறைக்குள் உட்கார்ந்து செய்யும் வேலைதான் நீளம். இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

டிரோன் எடுக்கும் ஒவ்வொரு படமும் தான் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு வரும். அது பெரும்பாலும் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 கணக்கு. தரையில் வெள்ளைக் குறி வைத்து, நில அளவைத் துறையான ஜூப்பெம்மின் மைஆர்டிகேநெட் சேவை வழியாக அளக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் ஜிடிஎம் 2000 கணக்கில் வரும். தோட்டத்து ஆபீசில் சுருட்டி வைத்திருக்கும் பழைய பிளான் கெர்த்தாவ் கணக்கு. மலை ஒன்று, எண்கள் மூன்று விதம்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தோட்டத்தின் பழைய எல்லைக்கோட்டைப் புதுப் படத்தின்மேல் போட்டேன். நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழுந்தது. மவுசால் இழுத்து, சாலை வளைவோடு ஒட்டவைத்தேன். எனக்குத் தொழில் சொல்லித் தந்த அண்ணன் ஒன்றும் பேசாமல் என்னை மலைக்கு அழைத்துப்போனார். புதரை விலக்கி எல்லைக்கல்லைக் காட்டினார். என் கோடு அதைவிட்டு மூன்று மீட்டர் விலகியிருந்தது. பிளான் வரைந்தபிறகு அந்தச் சாலையையே வெட்டி நகர்த்தியிருந்தார்கள்.

“எண்ணை இழுக்காதே தம்பி. அதுக்கு எந்த ஊருன்னு முதல்ல கேளு.”

கேட்டபோது கதை வந்தது. கெர்த்தாவ் நம் பகாங் மாநிலத்து அளவைப் புள்ளி. பழைய மலாயா வரைபடங்களுக்கு அதுவே அடித்தளம். அந்தக் கணக்கில் பூமியின் வடிவம் எவரெஸ்ட் கோளவுரு. 1802-ல் சென்னைப் பரங்கிமலை அருகே நில அளவையாளர் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய வேலையின் வழியில் வந்தது அது. ஜிடிஎம் 2000-க்கு வடிவமும் வேறு, மையமும் வேறு. உரிய மாற்று அளவுருக்களைக் கொடுத்தோம். கோடு கல்லின்மேல் வந்து உட்கார்ந்தது.

பெரிய தவறு தானே காட்டிக்கொடுத்துவிடும். உலகை மண்டலங்களாகப் பிரிக்கும் யுடிஎம் முறையில் கேமரன் மலை 47-ஆம் மண்டலம். 102 பாகை தீர்க்கரேகைக்குக் கிழக்கே 48 தொடங்கிவிடும், பகாங்கின் பெரும்பகுதி அங்கேதான். 47-இன் எண்ணை 48 என்று சொல்லிவிட்டால் தோட்டம் தென்சீனக் கடலில் போய் விழும். பார்த்தவுடன் திருத்திவிடலாம்.

உயரத்தில் வரும் தவறுதான் ஒளிந்திருக்கும். ஜிபிஎஸ் சொல்வது கோளவுருவிலிருந்து உயரம். தண்ணீர் ஓடுவது கடல்மட்டக் கணக்கில். ஒருமுறை சில புள்ளிகளுக்கு ஒன்றையும் மற்றவற்றுக்கு இன்னொன்றையும் கொடுத்துவிட்டேன். ஆற்றுப்பக்கம் சரிய வேண்டிய வாய்க்கால் மேட்டில் ஏறியது. இரண்டு நாள் வேலையை அழித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

கை பழகியபின் நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது. மூலப் படங்களையும் மூல எண்களையும் தொடமாட்டேன். மாற்றுவது நகலில்தான், ஒரே ஒரு முறைதான். எந்தக் கணக்கு என்று சொல்லும் ஈபிஎஸ்ஜி எண்ணைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுவேன்: ஜிடிஎம் 2000-இன் தீபகற்ப ஆர்எஸ்ஓ வீழல் என்றால் 3375, பழைய கெர்த்தாவ் ஆர்எஸ்ஓ மீட்டரில் என்றால் 3168. வடக்கு, கிழக்கு என்ற வரிசை மாறியிருக்கிறதா என்று வாய்விட்டுப் படிப்பேன். கட்டுப்பாட்டுப் புள்ளிகளில் இரண்டை மென்பொருளுக்குக் கொடுக்காமல் சோதனைக்கு ஒதுக்கிவைப்பேன்.

அண்ணனின் குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நான்கு சொற்கள் இருக்கும்: அடித்தளம், வீழல் (உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் முறை), உயரம், அலகு. அவற்றை நிரப்பாமல் கீழே ஓர் எண்கூட எழுதமாட்டார். என் குறிப்பேட்டிலும் அப்படித்தான். வரைபடம் முடிந்த மறுநாள் காலை மறுபடி மலையேறி ஓர் எல்லைக்கல்லின் பக்கத்தில் நிற்பேன். கருவியில் தெரியும் எண்ணும் வரைபடத்தில் அந்தக் கல்லின் எண்ணும் ஒத்துப்போன பிறகுதான் வேலையைத் தோட்டத்தாரிடம் கொடுப்பேன்.