பெரிய பிள்ளையின் பாடப்புத்தகம்

வீட்டிலேயே படிக்கிற பிள்ளைகளுக்கு அம்மாதான் வாத்தியார். அம்மா படுத்துவிட்டால் அன்றைக்கு அடுப்பும் நிற்கும், பள்ளிக்கூடமும் நிற்கும். பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வீட்டில் யார் படுத்திருந்தாலும் காலையில் பேருந்து வந்துவிடும், வகுப்பு நடக்கும். ஆகவே வீட்டுக்கல்வியில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் அதிகம். என் பேரப்பிள்ளைகளிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். நான் ஜொகூர்க்காரி. ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது கூலாயில் இருக்கிறேன்.

என் மகள் குடும்பம் ஸ்கூடாயில். மருமகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் கிளம்பி ஜொகூர் பாலத்தைக் கடந்து போய், பிள்ளைகள் தூங்கப்போகும் நேரத்தில் வருகிறவர். 2020 மார்ச் 18ஆம் தேதி கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பாலமும் மூடப்பட்டபோது அவர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். இப்படி மாதக்கணக்கில் அப்பாவைக் கைத்தொலைபேசியில் மட்டும் பார்த்த ஜொகூர்ப் பிள்ளைகள் ஏராளம். பள்ளிகளும் மூடிக் கிடந்த அந்தக் காலத்தில்தான் என் மகள் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். சின்னவனுக்கு ஆஸ்துமா கடுமை. வீட்டுக்கல்வியே நல்லது என்று பின்னால் முடிவு செய்தார்கள். ஆனால் நினைத்தவுடன் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிட முடியாது. 2003 முதல் மலேசியாவில் ஆறாண்டு ஆரம்பக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, சில நேரம் இரண்டும். கல்வி அமைச்சிடம் விண்ணப்பித்து விலக்குக் கடிதம் வாங்கிய பிறகே அவர்கள் அதைச் செய்தார்கள்.

பெரிய பேத்திக்கு வயது 16. அடுத்தவனுக்கு 12. ஆஸ்துமாக்காரச் சின்னவனுக்கு 8.

போன மழைக்காலத்தில் என் மகளுக்கு டிங்கிக் காய்ச்சல் கண்டது. அதில் பிள்ளைகள் நடந்துகொண்ட விதத்தைச் சொன்னால் உங்களுக்கும் உதவும். டிங்கியில் பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. காய்ச்சல் இறங்கியதும் நோய் போய்விட்டது என்று வீட்டில் எல்லாரும் மூச்சு விடுவார்கள். உண்மையில் ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். பொதுவாக மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் தணிகிற வேளையில், இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் விழலாம், பிளேட்லெட் குறையலாம். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், எழுப்பினாலும் சோர்ந்து விழுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கிளினிக்கில் கொடுத்த அட்டையில் இதெல்லாம் இருந்தது. பேத்தி அதைப் படித்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருந்தாள். ஒரு நோட்டுப் போட்டு, உடம்புச் சூடு எவ்வளவு, எத்தனை குவளை நீர் குடித்தார், எத்தனை முறை சிறுநீர் போனது என்று எழுதினாள். காய்ச்சல் இறங்கிய காலையில் தம்பிமார் துள்ளிக் குதிக்க, அவள் மட்டும் அம்மாவின் வயிற்றுவலியைக் கவனித்து என்னைக் கூப்பிட்டாள். அன்றே வார்டில் சேர்த்தோம். தாதி அந்த நோட்டை வாங்கிப் பார்த்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

பப்பாளி இலைச்சாறு கொடுங்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அன்பால் சொல்வது, கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தினசரி இரத்தப் பரிசோதனைக்கு அது மாற்று இல்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல் மட்டும் போதும். ஆஸ்பிரின், இபுபுரோஃபன் வகை இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். பன்னிரண்டு வயதுக்காரனுக்கு நான் கொடுத்த வேலை வீட்டைச் சுற்றித் தேங்கிய நீரைக் கொட்டுவது. பூச்சட்டித் தட்டு, குளிர்பெட்டியின் பின்தட்டு, கூரையோர மழைநீர்க் குழாய், பழைய டயர். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும் என்று சொன்னதும், வாரம் ஒரு நாளை அவனே குறித்துக்கொண்டான். காரணம் தெரிந்தால் பிள்ளை வேலையை மறப்பதில்லை.

மகள் வீடு திரும்பினாள். டிங்கி போன பிறகும் அசதி வாரக்கணக்கில் இருக்கும்; எழுந்து நின்றால் கண் இருட்டும். இந்த வாரங்களைப் பற்றித்தான் நான் உண்மையில் பேச வந்தேன்.

வீடு அழகாக நடந்தது. சோறு வெந்தது, துணி காய்ந்தது. சின்னவனின் வாசிப்பு ஒரு நாளும் நிற்கவில்லை. நடுவன் பின்னக் கணக்கை முடித்து அடுத்த பாடத்துக்குப் போயிருந்தான். வந்தவர்கள் எல்லாம் பேத்தியின் தலையைத் தடவி, "இந்த வயசில் என்ன பொறுப்பு" என்றார்கள். நான் மேசையில் இருந்த புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஆசிரியைப் பழக்கம் விடாது. பெரியவளின் வரலாற்றுப் புத்தகம் மட்டும் அம்மா படுத்த நாளில் எந்தப் பக்கத்தில் இருந்ததோ அதே பக்கத்தில் இருந்தது.

அவள் தனித்தேர்வராக எஸ்பிஎம், அதாவது இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு, எழுதப் போகிறவள். மலாய்மொழி, வரலாறு இரண்டிலும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. மற்ற பாடங்களில் எத்தனை ஏ வாங்கினாலும் அப்படித்தான்.

என் அக்காவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 1960களின் தொடக்கம். எங்கள் அம்மாவுக்கு நெஞ்சு வியாதி, அதாவது காசநோய். இன்றைக்கு ஆறு மாத மருந்தில் குணமாகிறது. அப்போது ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஊசியும் மாத்திரையும். குளுவாங் ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கொண்டுபோனார்கள். அப்பா விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் எண்ணுகிற இடத்துக்கு, போயாக வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், பாலுக்காக மரம் கீற நேரம் தப்பக் கூடாது. இடுப்புப் பிள்ளையாகத் தம்பி இருந்தான். அக்கா நாலாம் வகுப்பு. கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. அவளுடைய பலகை பரணுக்குப் போனது. இரண்டு மாதம் என்றுதான் சொன்னார்கள்.

அம்மா குணமாகி வந்தார். அக்காவைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. கொடுமைக்காரர்கள் இல்லை அவர்கள். அக்காவைத் தோட்டமே புகழ்ந்தது. லயத்தில் இருந்த மற்ற பெண் பிள்ளைகளுக்கு அவளை உதாரணம் காட்டினார்கள். அந்தப் புகழ்தான் அவளைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொண்டது. பின்னாளில் அவளும் பால்மரம் வெட்டப் போனாள். நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போனபோது பெட்டிக்குக் காசு கொடுத்தது அவள்.

இதைத்தான் பேத்தியிடம் சொன்னேன். அம்மாவுக்கு உதவு, ஆனால் உன் பாடத்தை எடுத்து வீட்டுக்குக் கொடுத்துவிடாதே. அது நீ கொடுக்கக் கூடிய பொருள் இல்லை, அம்மாவும் அதைக் கேட்கவில்லை.

பள்ளியில் ஒரு பிள்ளை தொடர்ந்து வராவிட்டால் வருகைப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழும். ஆசிரியர் கேட்பார், கடிதம் போகும். என் காலத்தில் நானே எத்தனையோ வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன். வீட்டுக்கல்வியில் அந்தச் சிவப்புக் கோடு இல்லை. பெரிய பிள்ளை நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கிறாள், தம்பிக்குப் பாடம்கூடச் சொல்லித்தருகிறாள். ஆகவே அவள் படிப்பு நின்றது யார் கண்ணிலும் படாது. வீட்டில் கற்பிக்கும் பெற்றோரே, உங்கள் வீட்டுக்கு வெளியே ஒருவர் கையில் ஒரு பதிவேட்டைக் கொடுத்து வையுங்கள். பாட்டியோ மாமாவோ, பழைய ஆசிரியரோ. வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு பிள்ளையும் அவரிடம் தன் நோட்டைக் காட்டட்டும்.

எங்கள் வீட்டில் நான் அதை எடுத்துக்கொண்டேன். காலை எட்டிலிருந்து பத்து வரை பேத்தியின் நேரம். அறைக் கதவு சாத்தியிருக்கும், தம்பிகள் தட்டக் கூடாது. அந்த நேரத்தில் சோறு நடுவன் பொறுப்பு. அரிசி களைந்து, விரல் கணு அளவுக்கு நீர் வைத்து, குக்கரை அழுத்தத் தெரிந்தால் சோறு தயார். முட்டை பொரிப்பதும் சார்டின் டின்னை வெங்காயம் போட்டுப் பிரட்டுவதும் ஒரு வாரத்தில் வந்துவிட்டன. ஆண்பிள்ளையை எதற்கு அடுப்படியில் நிறுத்துகிறாய் என்று ஓர் உறவுக்காரர் கேட்டார். சாப்பிடுகிறவன்தானே என்றேன். எட்டு வயதுக்காரனுக்கு நெருப்பும் கத்தியும் இல்லை. துணி மடிப்பான், அம்மாவுக்கு வெந்நீர்க் குடுவை எடுத்துப் போவான், தன் ஆஸ்துமா மருந்துக்குழல் எங்கே இருக்கிறது என்பதைத் தானே சொல்வான்.

சின்னப் பிள்ளையிடம் நோயை மறைக்காதீர்கள். அம்மா வார்டில் இருந்தபோது சின்னவன் தன்னால்தான் அம்மாவுக்கு இப்படி ஆயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவன்தான் சாயங்காலம் விளையாட அம்மாவை வெளியே இழுத்துப்போனானாம். அதைச் சொல்ல அவனுக்கு அத்தனை நாள் ஆனது. கொசுவின் பெயர், நோயின் பெயர், அம்மா எப்போது வருவார், எது இன்னும் தெரியவில்லை, எல்லாவற்றையும் அவன் வயதுக்கு ஏற்பச் சொன்ன பிறகுதான் தூங்கினான்.

சுதந்திரமாக வளர்ப்பது என்றால் பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டுப் போவது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். தக்க கவனிப்பு இல்லாமல் பிள்ளைகளை விட்டுப்போவது 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி குற்றம். என் மகள் வார்டில் இருந்த இரவுகளில் நான் ஸ்கூடாயில் படுத்தேன். பகலில் நான் மருத்துவமனைக்குப் போனால் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா (மக்சிக் என்று கூப்பிடுவோம்) வந்து உட்கார்ந்துகொள்வார்.

எல்லா வீட்டிலும் பாட்டி இருக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். அப்பா பாலத்துக்கு அந்தப் பக்கம், அம்மா படுக்கையில், உறவுகள் வேறு மாநிலத்தில் என்று இருக்கிற பிள்ளை ஜொகூரில் எங்கோ இதைப் படிக்கலாம். பெரிய பிள்ளையே, உனக்குத்தான் சொல்கிறேன். அம்மா நன்றாக இருக்கும் நாளிலேயே மூன்று பெரியவர்களின் எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டிவை. ஒருவர் நடந்தே வந்துசேரக் கூடிய தூரத்தில் இருக்கட்டும். ஆபத்துக்கு 999. வீட்டில் சாப்பாட்டுக்கே வழியில்லாமல், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போனால் 15999, அது சமூகநலத்துக்கான தாலியான் காசே எண். கூப்பிடுவதில் எந்தக் குறைச்சலும் இல்லை. அம்மாவின் மருந்துப் பட்டியலையும் கிளினிக் அட்டையையும் ஓர் உறையில் போட்டு வை. இதையெல்லாம் செய்து முடித்த பிறகு, வீட்டில் இன்னும் வேலை மிச்சம் இருந்தாலும், உன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார். பாத்திரம் அடுக்கியபடி கிடக்கட்டும். தம்பி வந்து கழுவுவான்.