காலி அறைகளை விற்கிறவர்கள்

வெள்ளிக்கிழமை இரவு ஐந்து நண்பர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து நான்கு மணி நேரம் விளையாடப் போகிறார்கள். கதைப்படி அன்று அவர்கள் ஒரு பழைய கோட்டையின் நிலவறைக்குள் இறங்க வேண்டும். விளையாட்டை நடத்துகிறவருக்கோ, வியாழக்கிழமை இரவு பதினொரு மணி வரை அந்த நிலவறை தயாராகவில்லை. பகல் முழுக்க அலுவலகம், மாலையில் பிள்ளைகளின் வீட்டுப்பாடம். இனி எப்போது உட்கார்ந்து வரைவது? யாராவது வரைந்து வைத்திருந்தால் காசு கொடுத்தாவது வாங்கிவிடலாம் என்றிருக்கும். அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய நாடுகளில் இந்தக் கடைசி நேரத் தவிப்பை நம்பியே ஒரு சின்னத் தொழில் நடக்கிறது. இல்லாத ஊர்களுக்கு வரைபடம் வரைந்து விற்கும் தொழில் அது.

தாயமோ ஆடுபுலி ஆட்டமோ, கட்டம் எப்போதும் ஒன்றுதான். கோயில் மண்டபத் தரையில் எந்தக் காலத்திலோ செதுக்கிய ஆடுபுலிக் கட்டத்தில் இன்றைக்கும் ஆடலாம். ‘டேபிள்டாப் ரோல்பிளேயிங்’ எனப்படும் மேஜை விளையாட்டில் அப்படியில்லை. ஒருவர் கதையை நடத்துவார். அவரை ‘கேம் மாஸ்டர்’ என்கிறார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் கைதேர்ந்த திருடன். கதவைத் திறப்பதா, உடைப்பதா, காது வைத்துக் கேட்பதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். கதை ஒவ்வொரு வாரமும் புது இடத்துக்குப் போகும் என்பதால், கட்டமும் ஒவ்வொரு வாரமும் புதிதாக வேண்டும். வியாபாரம் அங்கேதான் பிறக்கிறது.

முதலில் வந்தது வரைபடம்

கற்பனை ஊருக்கு வரைபடம் போடுவது இந்த விளையாட்டுக்கு முன்பே இருந்த பழக்கம். 1881-ல் ஸ்காட்லாந்தில், மழை விடாத ஒரு கோடை விடுமுறையில், தன் மனைவியின் மகனோடு பொழுதைப் போக்க ஒரு தீவின் வரைபடத்தை வண்ணம் தீட்டினார் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்கத்தான் ‘புதையல் தீவு’ கதையே அவருக்குள் எழுந்தது. பிறகு பதிப்புக்கு அனுப்பிய வரைபடம் தொலைந்துபோனது. எழுதி முடித்த நாவலைப் படித்துப் படித்து, அதற்குப் பொருந்துகிற மாதிரி அவர் மறுபடி வரைய வேண்டியிருந்தது. இரண்டாவது படம் அவருக்கு முதல் படத்தைப் போல ஒட்டவேயில்லை.

கதையைப் பார்த்து வரைபடம் போடுவது ஒரு வேலை. வரைபடத்தைப் பார்த்துக் கதை பிறப்பது வேறு. விளையாட்டுக்கு வரைகிறவர் செய்து தரவேண்டியது இரண்டாவது வகை. அதுவும், கதை தனக்குள் பிறந்தால் போதாது; முகம் தெரியாத யாரோ ஐந்து பேருக்குள் பிறக்க வேண்டும்.

மடித்த தாளில் ஒரு நகரம்

இந்த வகை விளையாட்டுகளுக்குத் தாய் என்று சொல்லத்தக்க ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-ல் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கியது. ஒரு பெட்டி, உள்ளே மூன்று சிறு புத்தகங்கள். முதல் அச்சில் ஆயிரம் பிரதிகள். விதிகள் இருந்தன, போய்ப் பார்க்க ஆயத்த ஊர் ஒன்றும் அதில் இல்லை. உங்கள் உலகத்தை நீங்களே வரைந்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள்.

விளையாடுகிற எல்லோருக்கும் வரைய நேரம் இருக்குமா? இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டர் ஊரைச் சேர்ந்த பாப் பிளெட்சா, பில் ஓவன் இருவரும் இந்தக் கேள்வியிலேயே ஒரு தொழிலைக் கண்டார்கள். 1976-ல் ‘ஜட்ஜஸ் கில்ட்’ என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு ‘ஜென் கான்’ விளையாட்டு மாநாட்டுக்குத் தங்கள் கற்பனை நகரத்தின் பெரிய வரைபடத்தோடு போய், வந்தவர்களிடம் காட்டிச் சந்தா சேர்த்தார்கள். பணம் கட்டினால் வரைபடங்களும் குறிப்புகளும் தவணை தவணையாகத் தபாலில் வரும். ‘இதையெல்லாம் யார் வாங்குவார்கள்?’ என்று விளையாட்டை வெளியிட்ட நிறுவனத்திலேயே நினைத்தார்கள் என்று சொல்வதுண்டு. வாங்கினார்கள். பிறகு அந்த நிறுவனமே ஜட்ஜஸ் கில்டுக்கு உரிமம் கொடுத்தது.

ஆனால் அடுத்தவர் தந்த உரிமத்தின் மேல் கட்டிய வீடு அது. 1980-களின் தொடக்கத்தில் உரிமம் போனதும் வியாபாரம் தேய்ந்தது. 1980-களின் நடுவிலேயே கடையை மூட வேண்டியதாயிற்று.

ஒரு அங்குலம், ஐந்து அடி

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களில் பலர், தங்கள் சொந்த மேஜைக்கு வரைந்து பழகியவர்கள். முதலில் கற்க வேண்டியது அளவு. தாளில் ஒரு அங்குலக் கட்டம் என்றால் கதையில் ஐந்து அடி. ஒரு மனிதப் பொம்மை நிற்க ஒரு கட்டம் போதும். வாசல் ஒரு கட்டம் அகலம் என்றால் வீரன் ஒருவனே அடைத்து நின்று எதிரிகளைத் தடுக்கலாம். இரண்டு கட்டம் என்றால் அவன் பக்கத்தில் நுழைந்துவிடுவார்கள். சுவரை ஒரு கட்டம் நகர்த்தினால் சண்டையின் முடிவே மாறும். அழகுக்காக மேஜை, பீப்பாய், தூண் என்று நிறைத்துவிட்டால் பொம்மை வைக்க இடம் இருக்காது.

அடுத்தது வழி. ஒரே வாசல், ஒரே நடை, கடைசி அறையில் அரக்கன் என்று வரைந்தால் விளையாடுகிறவர்களுக்குத் தீர்மானிக்க ஒன்றுமே இல்லை. ரயில் தண்டவாளத்தில் போவது போல ஆகிவிடும். இதற்கு மாற்றைக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஜெனெல் ஜாக்வேஸ். 1979-ல் ஜட்ஜஸ் கில்டுக்காக அவர் உருவாக்கிய ‘கேவர்ன்ஸ் ஆஃப் திரேசியா’ நிலவறைக்குள் நுழையப் பல வழிகள். படிகள் ஒரு தளத்தைத் தாண்டி அடுத்ததில் இறங்கும். நடைகள் சுற்றி வந்து மறுபடி சேரும். ஒரு குழு போன வழியில் இன்னொரு குழு போகாது. 2024-ல் அவர் மறைந்தபோது, அவர் கற்றுத்தந்த இந்தப் பாடத்தைப் பலரும் நினைவுகூர்ந்தார்கள். இந்த வகை அமைப்புக்கு அவர் பெயரிலிருந்தே ஒரு வினைச்சொல் விளையாட்டுக்காரர்களிடம் புழங்குகிறது.

மூன்றாவது, இருப்பதிலேயே கடினம்: காலியாக விடுவது. அறையில் என்ன இருக்கிறது என்று வரைகிறவரே முடிவு செய்துவிட்டால் அந்தப் படம் ஒரே ஒரு கதைக்குத்தான் உதவும். கட்டிலும் ஜன்னலும் மட்டும் போட்டு நிறுத்தினால் அது ஒருவருக்குச் சத்திரம், இன்னொருவருக்குச் சிறை, வேறொருவருக்குக் கொலை நடந்த வீடு. வாங்குகிறவர் காசு கொடுப்பது இந்த இடைவெளிக்கும் சேர்த்துத்தான்.

சந்தா என்ற பழைய வழி

2012-ல் வந்த ‘ரோல்20’ போன்ற தளங்கள் மேஜையை இணையத்துக்குக் கொண்டுபோயின. 2020-ல் கொரோனா வீட்டுக்குள் பூட்டியபோது திரையில் விளையாடியவர்கள் ஏராளம். வரைகிறவருக்கு அதனால் வேலை கூடியது. 30 கட்டம் நீளம், 20 கட்டம் அகலம் உள்ள படத்துக்கு, கட்டத்துக்கு 140 பிக்ஸல் வைத்தால் 4,200-க்கு 2,800 பிக்ஸல். எங்கே சுவர், எது கதவு, எந்த விளக்கு எவ்வளவு தூரம் வெளிச்சம் தரும் என்பதையும் கணினிக்குச் சொல்லித் தரவேண்டும். அப்போதுதான் கதவைத் திறக்கும் வரை உள்ளே இருப்பது ஆட்டக்காரர் கண்ணில் படாது. இரவுக்கு ஒரு படம், பனிக்காலத்துக்கு ஒரு படம், கட்டம் போடாமல் ஒரு படம் என்றும் கேட்பார்கள்.

ஒவ்வொரு படமாக விற்றுக் குடும்பம் நடத்துவது சிரமம். அதனால் பலர் 2013-ல் தொடங்கிய ‘பேட்ரியான்’ போன்ற தளங்களில் மாதச் சந்தா வாங்குகிறார்கள். 1976-ல் தபாலில் நடந்த அதே முறை. ஒருவருக்கு மாதம் 3 டாலர் கொடுக்கும் 200 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 600 டாலர். அதில் தளத்தின் பங்கு, பணப் பரிமாற்றக் கட்டணம், வரி எல்லாம் போகும். அமெரிக்க நகரமொன்றில் வீட்டு வாடகைக்கே அது காணாது. ஆகவே பலருக்கு இது இரண்டாவது வருமானம். வேலையை விட்டுவிட்டு இதில் இறங்குகிறவர், படம் நன்றாக வந்த மாதமும் வராத மாதமும் சொன்ன தேதியில் ஏதாவது தந்தே ஆகவேண்டும். காய்ச்சலில் படுத்தாலும் சந்தாதாரரின் வெள்ளிக்கிழமை தள்ளிப்போகாது.

இலவசமாகக் கொடுப்பதும் இந்த வியாபாரத்தின் ஒரு பகுதி. டைசன் லோகோஸ் என்ற பெயரில் வரையும் கனடாக்காரர், தாளில் கறுப்பு மையால், ஓரங்களில் குறுக்குக் கோடுகள் போட்டு வரைகிறவர். பல ஆண்டுகளாக நூற்றுக்கணக்கான படங்களை எல்லோருக்கும் இலவசமாகவே தந்து வருகிறார். ஆதரவாளர்களின் தொகை துணை நிற்பதால், அவற்றில் பலவற்றைத் தன் பெயரைக் குறிப்பிட்டு மற்றவர்கள் விற்பனைப் புத்தகங்களில் பயன்படுத்தவும் அனுமதிக்கிறார். 2018-ல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அதிகாரபூர்வப் புத்தகங்களிலும் அவர் வரைபடங்கள் வந்தன. இலவசப் படங்கள் ஊர் ஊராகப் போய் அவர் பெயரைச் சொல்லிவிட்டன.

குகை யாருக்குச் சொந்தம்?

2023 ஜனவரியில் இந்தச் சின்ன உலகம் ஒருமுறை நடுங்கியது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளை வைத்து மற்றவர்கள் நூல்கள் வெளியிட 2000-லிருந்து ஒரு திறந்த உரிமம் இருந்தது. அதை மாற்றி, பெரிய வருமானம் பார்ப்பவர்களிடம் பங்கு கேட்கும் புது வரைவு ஒன்று கசிந்தது. விளையாட்டுக்காரர்கள் கொதித்தார்கள். மாதம் முடிவதற்குள் உரிமையாளர் நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதிகளை யாரும் பயன்படுத்தும்படி பொது உரிமத்தில் வெளியிட்டது.

அந்த வாரங்களில் வரைபடக்காரர்களுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. விதிகளை அச்சிட உரிமம் வேண்டும். குகையை வரைய யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பாறை, தண்ணீர், இருட்டான வளைவு எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. அவர்கள் பிழைப்பு அந்த விளையாட்டு ஆடப்படுவதைச் சார்ந்திருந்தாலும், அவர்கள் சரக்கு வேறு எந்த விளையாட்டுக்கும் பொருந்தும். ஜட்ஜஸ் கில்டுக்கு வாய்க்காத பாதுகாப்பு இது.

இப்போதைய பயம் வேறு. ஒரு வரி எழுதினால் செயற்கை நுண்ணறிவு நொடியில் படம் போட்டுத் தருகிறது. பார்க்க அசல் மாதிரி இருக்கும். விளையாட உட்கார்ந்தால், படிக்கட்டு சுவரில் போய் முட்டும், கட்டங்கள் கோணலாகும், கதவுக்கு அந்தப் பக்கம் அறை இருக்காது. நாளை அது திருந்தலாம். அதனால் இன்று பிழைக்க நினைக்கிறவர்கள் படத்தின் பளபளப்பை நம்பி இருப்பதில்லை. தாங்களே விளையாடிப் பார்க்கிறார்கள். எந்த வாசலில் ஆட்டக்காரர்கள் தயங்குகிறார்கள், எந்தச் சுற்றுவழியைக் கண்டு குதூகலிக்கிறார்கள் என்று கவனித்து, வீட்டுக்கு வந்து ஒரு சுவரை அழித்து மறுபடி வரைகிறார்கள்.

இந்தத் தொழிலில் ஒரு குறை உண்டு. தன் படத்தின் மேல் நடந்த கதையை வரைந்தவர் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. யாரோ ஒருவரின் மந்திரவாதி அந்த மூன்றாவது அறையில் உயிரை விட்டிருப்பான். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் ஒரு நிமிடம் பேசாமல் இருந்திருப்பார்கள். வரைந்தவருக்கு மாதக் கணக்கில் ஒரு சந்தா புதுப்பிக்கப்பட்டதாக மட்டும் தெரியும். அது புதுப்பிக்கப்பட்டதே, அந்த அறை சரியாக இருந்தது என்பதற்குச் சாட்சி.