விளையாட்டுச் சாமான் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்



அம்பிட்டிய, கண்டிப் பக்கம் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்.

போன விடுமுறையில் டவுனில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். என் வகுப்புப் பிள்ளை ஒருவன் வாப்பாவுடன் செஸ் போர்ட் பார்க்க வந்திருந்தான். காய்களைப் பார்க்கலாமா என்று கேட்டான். "எடுக்கிறதென்டா மட்டும்தான் திறப்பம் தம்பி" என்றார் கடைக்காரர். பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். வாங்காமலே போய்விட்டார்கள்.

பெட்டி கிழிந்தால் நட்டம் கடைக்காரருக்குத்தான், அது விளங்குகிறது. ஆனால் இதே வியாபாரத்தை வேறு மாதிரிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். 1975இல் லண்டனில் மூன்று நண்பர்கள் கேம்ஸ் வேர்க்ஷொப் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதலில் மரப்பலகை விளையாட்டுகளைச் செய்து விற்றார்கள். நம் உம்மும்மாமார் புளியங்கொட்டை போட்டு விளையாடிய பல்லாங்குழி வகையும் அதில் ஒன்று. இன்று அவர்களின் வார்ஹேமர் கடைகளில் விரலளவு போர்வீரர் பொம்மைகளுக்கு நிறம் தீட்டி, மேசையில் படை நிறுத்தி விளையாடுகிறார்கள். புதிதாக வருபவருக்கு ஒரு பொம்மையைச் சும்மா கொடுத்து நிறம் தீட்டப் பழக்குகிறார்கள், விளையாடவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். விலை கூடுதல் என்று குறைப்பட்டுக்கொண்டே ஆட்கள் திரும்பவும் வருகிறார்கள்.

நமக்கு அவ்வளவு தேவையில்லை. கடை மூலையில் திறந்துவைத்த ஒரு செஸ் போர்ட், ஒரு கரம் போர்ட், இரண்டு கதிரை போதும். ஃபோனை விட்டுப் பிள்ளைகள் எழும்புவதில்லை என்று எல்லோரும் கவலைப்படுகிறோம். எழும்பி வருகிற பிள்ளைக்குத் தொட்டுப் பார்க்க ஏதாவது இருக்க வேண்டாமா?

அப்படியொரு கடை ஏற்கெனவே இருந்தால் கீழே சொல்லுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், இன்ஷா அல்லாஹ்.