முதல் பிழை எந்த வரியில்?



பத்து நாளாக ஏன் பதிவு எதையும் காணோம், உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று சிலர் போன் செய்து கேட்டீர்கள். உடம்பு நன்றாக இருக்கிறது. கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

நான் ஓய்வு பெற்ற வருடம் மகன் தன் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் கேம் விளையாடுவதற்காக வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டு அதில் அப்படியே இருந்தது. எனக்கு எதற்கு கேம்? அந்தக் கார்டை வீணாக்க மனமில்லாமல் தேடியபோது கண்ணில் பட்டதுதான் ‘பாயிங்க்’ என்ற மென்பொருள். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவானது. ஆராய்ச்சியாளர்களிடம் இருக்கும் மலை போன்ற கணக்கைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, உலகம் முழுக்க உள்ள தொண்டர்களின் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். நம் கம்ப்யூட்டர் கணக்கைப் போட்டு விடையைத் திருப்பி அனுப்பும். காசு கிடையாது. ரத்த தானம் மாதிரி இது கணக்கு தானம்.

நான் சேர்ந்திருப்பது ‘ஐன்ஸ்டைன் அட் ஹோம்’ என்ற திட்டத்தில். 2005-ல் தொடங்கியது. ஈர்ப்பு அலைகளையும், பல்சர் எனப்படும் வேகமாகச் சுழலும் நட்சத்திரங்களையும் தேடுகிறது. 2010-ல் இந்தத் திட்டத்தில் ஒரு புதிய பல்சரைக் கண்டுபிடித்தார்கள். நொடிக்குச் சுமார் 41 முறை சுழல்கிறது. அதைப் பிடித்துக் கொடுத்தவை அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியின் கம்ப்யூட்டரும், ஜெர்மனியில் இன்னொருவரின் கம்ப்யூட்டரும். இதைப் படித்த அன்றே நானும் சேர்ந்துவிட்டேன்.

கணக்கு வாத்தியாரான எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. ஒரே கணக்கை ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேருக்குக் கொடுப்பார்கள். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் ஏற்றுக்கொள்வார்கள். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆளுக்குப் போகும். பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதவே முடியாது!

இரவு 10 மணிக்கு ஓடவிட்டு, காலை 6 மணிக்கு நிறுத்துவேன். கார்டு 75 வாட். எட்டு மணி நேரத்துக்கு 0.6 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 36 யூனிட். இதை எழுதிக் காட்டித்தான் வீட்டில் அனுமதி வாங்கினேன்.

போன மாதம் ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால், இரவு வரிசையில் இருந்த 43 கணக்குகளும் ‘கம்ப்யூட்டேஷன் எர்ரர்’ என்று சிவந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றும் மூன்று நான்கு வினாடிகூட ஓடவில்லை. நம் வழக்கப்படி அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். இப்போது வேறு பாட்டு: ‘ஜிபியு மிஸ்ஸிங்’. கார்டையே காணோமாம். ஆனால் திரையில் படம் பளிச்சென்று வருகிறது, யூடியூபில் கச்சேரி ஓடுகிறது.

அடுத்து நான் செய்தவற்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கார்டைக் கழற்றித் தூசி தட்டி மாட்டினேன். பாயிங்க்கை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். இணையத்தில் கண்ட கட்டளைகளை எல்லாம், அர்த்தம் தெரியாமலே காப்பியடித்து அடித்தேன். கடைசியாக, இருந்த டிரைவரின் தலைமேலேயே இன்னொரு டிரைவரை இறக்கினேன். ஒரே நாளில் ஏழெட்டு மாற்றம். எது எதனால் ஆனது என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

டிரைவர் என்றால் என்ன என்று வீட்டில் கேட்டார்கள். உங்களில் சிலருக்கும் தெரியாமல் இருக்கலாம். கிராஃபிக்ஸ் கார்டு என்பது பெரிய வகுப்பறை. என் கார்டில் 768 பிள்ளைகள், ஒரே சமயத்தில் எளிய பெருக்கலும் கூட்டலும் போடுவார்கள். அவர்களிடம் கணக்கைக் கொண்டுபோய்க் கொடுத்து விடையை வாங்கி வரும் வகுப்புத் தலைவன்தான் டிரைவர். அவன் வராவிட்டால் வகுப்பறை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

நான்காம் நாள் தோல்வியை ஒப்புக்கொண்டு என் பழைய மாணவி ஒருத்திக்குப் போன் செய்தேன். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறாள். பெயரைப் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டாள்.

முழுவதையும் கேட்டுவிட்டு, “சார், முதல்ல ‘நோ நியூ டாஸ்க்ஸ்’னு ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்குங்க. ரிப்பேர் பண்றப்ப புது வேலை வாங்காதீங்க, அதையும் கெடுத்து அனுப்புவோம்” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த 43 கணக்கும் வேறு யாருக்கோ மறுபடி போக வேண்டும். ஏற்கெனவே சரியாகப் போட்டு அனுப்பிய ஜோடிக்காரர்கள் அதுவரை காத்திருக்க வேண்டும். உதவி செய்கிறேன் என்று உட்கார்ந்து உபத்திரவம் செய்திருக்கிறேன்.

“ஆனா ஒண்ணு சார், முடியலைன்னு சொல்லித்தான் உங்க மெஷின் திருப்பி அனுப்பியிருக்கு. அது பரவாயில்ல. தப்பான விடையை சரின்னு அனுப்புற மெஷின்தான் ஆபத்து” என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாளோ என்னவோ, உண்மைதான். வேகம் கூட்டுகிறேன் என்று கார்டை அளவுக்கு மீறி விரட்டினால் அப்படி நடக்குமாம். அதைப் பிடிக்கத்தான் அந்த இரண்டு பேர் ஏற்பாடு.

பிறகு வீடியோ காலில் பாயிங்க்கின் பதிவேட்டைத் திறக்கச் சொன்னாள். நான் கடைசி வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

“கடைசி வரி வேண்டாம் சார். முதல் தப்பு எந்த வரியில வருதுன்னு பாருங்க. அதுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் அதோட பிள்ளைங்க.”

மேலிருந்து வந்தோம். முதல் எர்ரர் அன்று அதிகாலை 3 மணி சுமாருக்கு. கம்ப்யூட்டரின் அப்டேட் பதிவைப் பார்த்தால், அதே நேரத்தில் லினக்ஸ் தானாக இரண்டை மாற்றியிருக்கிறது: டிரைவரும் கெர்னலும். கெர்னல் என்பது லினக்ஸின் அடிப்படை.

அவள் விளக்கியது இதுதான். டிரைவரின் ஒரு பகுதி கெர்னலுக்குள் ஓடுகிறது. இன்னொரு பகுதி வெளியே கோப்பாக இருக்கிறது. அப்டேட்டில் வெளிப்பகுதி மட்டும் உடனே புதிதாகிவிட்டது. உள்ளே ஓடிக்கொண்டிருந்தது பழையது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது. பாயிங்க்குக்கு இது தெரியாது. முன்பு கண்டுபிடித்த கார்டு இன்னும் இருப்பதாக நினைத்து வரிசையாகக் கணக்கை அனுப்ப, எல்லாம் விழுந்தன. அப்போதே கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டிருந்தால் சரியாகியிருக்க வேண்டும்.

“நிறுத்திப் போட்டேனே!” என்றேன்.

“அங்கதான் ரெண்டாவது விஷயம் சார்.” புது கெர்னல் வந்தால் அதற்குப் பொருந்துகிற மாதிரி டிரைவரின் உள்பகுதியைக் கம்ப்யூட்டரே புதிதாகக் கட்டிக்கொள்ளும். கட்டுவதற்கு ‘கெர்னல் ஹெடர்’ என்ற கோப்புகள் வேண்டும். என் கம்ப்யூட்டரில் அவை இல்லை.

ஏன் இல்லை? அதற்கு முந்தைய வாரம் டிஸ்கில் இடம் போதவில்லை என்று, பெயர் புரியாத சிலவற்றைத் தேவையில்லாதவை என நினைத்து நானேதான் நீக்கியிருந்தேன்.

திரை ஏன் நன்றாக இருந்தது என்பதற்கும் விடை கிடைத்தது. என் மானிட்டர் ஒயர் மதர்போர்டில் செருகியிருக்கிறது. படத்தைக் காட்டியது ஆன்போர்டு கிராஃபிக்ஸ். கார்டு சும்மா மூலையில் உட்கார்ந்திருந்தது.

ஆக, அப்டேட் தன் வேலையைச் சரியாகச் செய்தது. டிரைவர் மீது குற்றமில்லை. பாயிங்க்கும் தெரிந்ததைச் செய்தது. முதல் வரியில் நான் வைத்த ஒரு பிழை, மற்ற எல்லா வரியையும் கெடுத்தது.

இதைச் சொல்லும்போதே எனக்கு வேறொன்று நினைவு வந்துவிட்டது. 1998 அரையாண்டுத் தேர்வு. இவள் பத்தாம் வகுப்பு. ‘எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 5 எக்ஸ் பிளஸ் 6’ என்ற சமன்பாடு. வினாத்தாளைப் பார்த்து எழுதும்போது மைனஸைப் பிளஸ் ஆக்கிவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு படியும் மணி மணியாகச் சரி. 2, 3 வர வேண்டிய இடத்தில் மைனஸ் 2, மைனஸ் 3. நான் கடைசி வரியைப் பார்த்தேன், பெரிதாக ஒரு சிவப்புக் கோடு, ஐந்துக்குப் பூஜ்யம். “ஸ்டெப்பெல்லாம் சரியா இருக்கே சார்” என்று வந்து நின்றாள். “விடை தப்புன்னா தப்புதான், போய் உட்கார்” என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். பொதுத்தேர்வுத் தாள் திருத்தப் போனால் படிக்குப் படி மதிப்பெண் போடுகிற அதே வாத்தியார்தான்.

கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக் கேட்டேவிட்டேன். “நினைவிருக்கிறதாம்மா?”

சிரித்தாள். “ரெண்டு மார்க்காவது போட்டிருக்கலாம் சார்.” அடுத்த வரியிலேயே, “சரி, டெர்மினலைத் திறங்க” என்றுவிட்டாள்.

நான் தலைமேல் இறக்கியிருந்த டிரைவரை முதலில் நீக்கினோம். ஹெடர்களை நிறுவினோம். லினக்ஸின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து ஒரே ஒரு டிரைவர். நிறுத்திப் போட்டோம். பதிவேட்டின் தொடக்கத்தில் கார்டின் பெயர் வந்துவிட்டது. அப்போதும் அவள் விடவில்லை. ஒரே ஒரு கணக்கை மட்டும் ஓடவிட்டு, மற்றதை நிறுத்தி வைக்கச் சொன்னாள். முடிந்தது. முன்பின் தெரியாத என் ஜோடிக்காரரின் விடைக்காக இரண்டு நாள் காத்திருந்தேன். ‘வேலிட்’ என்று வந்ததும் வீட்டில் கேசரி!

உங்களில் யாராவது இந்தத் தொண்டில் சேர்ந்தால் உதவும் என்று, என் நோட்டில் எழுதி வைத்தவற்றைத் தருகிறேன்.

1. பிழை வந்தால் முதலில் புதிய கணக்கு வாங்குவதை நிறுத்துங்கள்.
2. பதிவேட்டை மேலிருந்து படியுங்கள். அந்த நேரத்தில் என்ன மாறியது என்று பாருங்கள்.
3. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். செய்ததை எழுதி வையுங்கள்.
4. டிரைவர் அப்டேட்டுக்கு முன் பாயிங்க்கை நிறுத்துங்கள். முடிந்ததும் கம்ப்யூட்டரை நிறுத்திப் போடுங்கள்.
5. பெயர் புரியாததை நீக்காதீர்கள். (இது எனக்கு.)

மாணவச் செல்வங்களே, அவசரத்தில் கடைசி வரியை மட்டும் பார்த்து நான் கோடு போட்ட தாள்கள் எத்தனையோ, கணக்கில்லை. பெங்களூர்க்காரிக்கு ஐந்துக்கு நான்கு என்று திருத்தி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். வேறு யாருக்கெல்லாம் மார்க் பாக்கி இருக்கிறதோ, கமெண்டில் சொல்லுங்கள். ஸ்டெப்போடு எழுதுங்கள், இந்த முறை முழுவதையும் படிக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்