கொல்லைப்புறக் கொட்டகைக்கு எந்தக் கூரை?

வீட்டின் முகப்புக்கு வண்ணம் பூசுவதில் நாம் காட்டும் அக்கறையில் பாதியையேனும் கொல்லைப்புறத்தின்மீது காட்டுவதில்லை. ஆயினும் நம் தாய்மார் பகற்பொழுதின் பெரும்பகுதியைக் கழிப்பது அங்கேதான். அரிசி புடைப்பதும், மீன் அரிவதும், அண்டை வீட்டாருடன் வேலிக்கு இப்பால் நின்று நாலு வார்த்தை பேசுவதும் அங்கேதான் நடக்கின்றன.

எங்கள் வீடு நாகப்பட்டினம் வட்டாரத்தில், கடலிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. தாயாருக்கு வயது 78. காங்கிரீட் தளத்தின் கீழ், மின்விசிறிக்கடியில் உட்காரச் சொன்னால் மூச்சு முட்டுகிறது என்பார். காலைக் காப்பி முடிந்ததும் பின்புறம் போய்விடுவார். அவருக்காக 14 அடி நீளம், 10 அடி அகலத்தில் ஒரு கொட்டகை போடுவதென்று சென்ற ஆண்டு குடும்பத்தில் முடிவாயிற்று. அதை எதைக்கொண்டு வேய்வது என்பதைத் தீர்மானிக்க இரண்டு மாதம் பிடித்தது.

தாயாரின் விருப்பம் தென்னங்கீற்று. அதற்கு நிகரான குளிர்ச்சி வேறெதிலும் இல்லை என்பதை மறுக்க எங்களால் இயலவில்லை. அடுக்கடுக்காகக் கிடக்கும் ஓலைகளுக்கிடையே தங்கும் காற்று வெயிலைக் கீழே இறங்கவிடாது. ஆனால் ஓரிரு ஆண்டுகளுக்கொருமுறை அதை மாற்றியாக வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் காவிரிப் படுகையில் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. எங்கள் கொல்லையில் நின்ற இரண்டும் அன்றே விழுந்தன. கீற்றை இனி விலைகொடுத்தே வாங்க வேண்டும். அதையும் பொறுத்துக்கொண்டிருப்போம். விறகடுப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. வெந்நீர் போடுவதும் நெல் அவிப்பதும் கொட்டகைக்குள்தான் என்று தாயார் உறுதியாயிருந்தார். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் மூண்ட தீ கீற்றுக் கூரைக்குப் பரவி, 94 குழந்தைகள் மாண்டதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. “அது மாடி வகுப்பு, இது நாற்புறமும் திறந்த கொட்டகை, ஓடித் தப்பிவிடலாமே” என்றார் உறவினர் ஒருவர். முழங்கால் வலியோடு நடப்பவரிடம் ஓடும் பேச்சைப் பேசுவதில் என்ன பொருள்? கீற்றை விட்டோம்.

அடுத்து வந்தது கல்நார்த் தகடு, அதாவது ஆஸ்பெஸ்டாஸ். மலிவானது, துருப்பிடிக்காது, தகரத்தைப் போல் காய்வதுமில்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகளின் பின்கட்டு அதுதான். விற்பவரும், “ஊரே போடுகிறதே!” என்றார். ஊர் போடுகிறது என்பது உண்மைதான். ஆனால் இந்தக் கல்நார் மண்ணிலிருந்து வெட்டியெடுக்கப்படும் நார்த்தன்மையுள்ள ஒரு கனிமம். சிமெண்டோடு கலந்து தகடாக்கியபின் நார்கள் உள்ளே கட்டுண்டு கிடக்கின்றன. தகட்டை அறுக்கும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும் கண்ணுக்குப் புலப்படாத தூளாகக் கிளம்புகின்றன. மூச்சோடு உட்சென்ற நார் நுரையீரலில் தங்கிவிடும். நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலைப் போர்த்திய சவ்வில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோயும் இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்தும் வரலாம். வெள்ளைக் கல்நார் உட்பட எல்லா வகையும் புற்றுநோய் விளைவிக்கும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஆஸ்திரேலியா 2003-ஆம் ஆண்டின் முடிவோடும், ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2005-இலும் இதைத் தடை செய்துவிட்டன. நம் நாட்டில் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது.

தகட்டை அறுத்துத் துளையிடும் வேலை நம் கொல்லையில்தான் நடக்கும். அதைச் செய்கிறவர் முகத்தில் ஒரு துண்டைக்கூடக் கட்டியிருக்கமாட்டார். விழுந்த தூளை விளக்குமாற்றால் பெருக்குவது வீட்டுப் பெண்கள்; அதே இடத்தில் பிள்ளைகள் விளையாடுவார்கள். நாற்பது ஆண்டு கழித்து வரக்கூடிய நோய் 78 வயதுத் தாயாரை என்ன செய்யும் என்று ஒருவர் கேட்டார். எங்கள் பேத்திக்கு வயது நான்கு.

ஏற்கெனவே இக்கூரை உள்ளவர்கள் அஞ்சி இன்றே பிய்த்தெறிய வேண்டியதில்லை. தகடு உடையாமல் இருக்கும்வரை நார் வெளிப்படுவது குறைவு. அதில் புதிதாகத் துளையிடுவதும், பாசியைப் போக்கக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும், உடைந்த துண்டுகளை இடித்துத் தரையில் கொட்டுவதும் ஆகாது. கழற்ற நேர்ந்தால் நன்றாக நனைத்து, முழுத் தகடாகவே இறக்க வேண்டும். கல்நார் சேராத சிமெண்ட் தகடுகளும் இப்போது வருகின்றன. வாங்குகிறவர் கேட்டு வாங்க வேண்டும்.

வளைகுடாவில் பணிபுரியும் தம்பி, வண்ணம் பூசிய இரும்புத் தகட்டின் படங்களைக் கைப்பேசியில் வரிசையாக அனுப்பினார். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தன. இரண்டே நாளில் வேலை முடியும் என்பதும் உண்மை. ஆயினும் எங்கள் ஊர் உப்புக்காற்று, அறுத்த விளிம்பையும் திருகாணித் துளையையும் முதலில் அரிக்கத் தொடங்கும். அதைவிடப் பெரிய கவலை காற்றின் வேகம். பக்கச்சுவரில்லாத கொட்டகையில் புயற்காற்று கீழே புகுந்து கூரையை மேல்நோக்கித் தள்ளுகிறது. எங்கள் அளவுக்கு முழுத் தகடும் 100 கிலோவைத் தாண்டாது. பிடிமானம் தளர்ந்தால் அது பறக்கும் கத்திதான். கஜாவுக்கு மறுநாள் காலையில் யார் வீட்டுத் தகரமோ எங்கள் கிணற்றடியில் கிடந்தது. இவை யாவும் எங்கள் வாதங்கள். தாயாரின் வாதம் ஒரே வரி: “தகரம் போட்டால் பகலெல்லாம் நான் உள்ளேதான் கிடக்கணும். உள்ளே கிடக்கிறதுக்கா தம்பி, வெளியே கொட்டகை?”

பாலிகார்பனேட் என்னும் ஒளிபுகும் தகட்டைப் பற்றி அதிகம் பேசவில்லை. வெளிச்சம் வேண்டுவோருக்கு நல்லது. சித்திரை வெயிலில் அதன்கீழ் அமர்வோருக்கு அன்று.

எஞ்சியது ஓடு. மங்களூர் ஓடு என்று நாம் சொல்வதை, பாசல் மிஷன் சபையினர் 1865-இல் மங்களூரில் தொழிற்சாலை வைத்துச் செய்யத் தொடங்கினர். ஓட்டுக்கு ஓடு இடைவெளி உண்டாதலால் சூடேறிய காற்று மேலே வெளியேறிவிடும். கீழே தகரத்தின் தகிப்பு இராது. நெருப்புக்கும் உப்புக்கும் அஞ்சாது. தென்னைகள் நின்றிருந்தால் ஒரு தேங்காய்க்கு நான்கு ஓடு போயிருக்கும். அந்தக் கவலையைக் கஜா முன்னமே தீர்த்துவிட்டது.

ஆனால் ஓட்டுக்குச் சரிவு வேண்டும். இரண்டடிக்கு ஓரடியேனும் இறங்காவிட்டால், ஐப்பசி கார்த்திகையில் காற்றோடு அடிக்கும் மழை ஓட்டிடுக்கில் ஏறி உள்ளே சொட்டும். வீட்டுச்சுவரை ஒட்டிச் சார்ப்பாக இறக்கினால், சுவரருகே 9 அடி உயரம்தான் கிடைக்கிறது; மறுகோடியில் தலை இடியாதிருக்க ஆறரை அடி வேண்டும். பத்தடி அகலத்திற்கு இரண்டரை அடிதான் சரிவு. ஓடு இயலாதென்று நாங்கள் கைவிடும் வேளையில் ஆசாரி ஒரு குச்சியால் மண்ணில் கோடிழுத்தார். கொட்டகையைச் சுவரைவிட்டு மூன்றடி தள்ளித் தனியே நிறுத்தி, நடுவில் முகடு வைத்து இருபுறமும் இறக்கினால், அதே இரண்டரை அடி இப்போது ஐந்தடிக்குள் இறங்கிவிடுகிறது! மழைநாளில் அந்த மூன்றடியை நனைந்து கடக்க வேண்டுமே என்றோம். “நான் என்ன உப்பா, கரைய?” என்றார் தாயார்.

ஏறக்குறைய 320 ஓடுகள் தேவைப்பட்டன. இடித்த வீடொன்றிலிருந்து பழைய ஓடுகளையே வாங்கினோம். ஒவ்வொன்றையும் கையில் தூக்கி விரல்மடக்கால் தட்டினால், நல்ல ஓடு கணீரென்று ஒலிக்கும். கீறல் விழுந்தது மந்தமாகச் சொல்லிவிடும். இந்த வேலையைத் தாயாரே உட்கார்ந்து செய்தார். அவர் தள்ளியவை 41. எல்லாம் ஏறியபோது கூரையின் கனம் முக்கால் டன்னைத் தாண்டிற்று. ஆகவே வைரம் பாய்ந்த பனங்கைகள் தேவைப்பட்டன. தூண்களின் அடி கரையானுக்கு எட்டாதபடி சிமெண்ட் பீடத்தின்மேல் நின்றது. விளிம்பு வரிசைகளையும் முகட்டோடுகளையும் காற்று முதலில் கிளப்பும் என்பதால், அவற்றைச் செம்புக் கம்பியால் கட்டச் சொன்னோம். தகரத்தைவிடச் செலவு கூடியது. மிகுதியும் மரத்திற்கும் கூலிக்கும் போயிற்று. ஆண்டுதோறும் மழைக்கு முன் ஏறிப்பார்த்து, பூனை தள்ளிய ஓடுகளைச் சரிசெய்யும் வேலையும் உண்டு.

கண்ணாடி ஓடு ஒன்று போதும் என்றார் ஆசாரி. தாயார் இரண்டு கேட்டார்: ஒன்று அடுப்புக்கு நேரே, மற்றொன்று அவர் அரிசியில் கல் பொறுக்கும் இடத்திற்கு நேரே. வெயில் அங்கே நேராக இறங்குமே என்று தயங்கினோம். நண்பகலில் பாயைச் சற்று நகர்த்திக்கொள்வதாகச் சொன்னார். இரண்டு வைத்தோம்.